தள்ளக்கூடாத ஜீப்

டோல்கேட் சிக்னலில் கிளட்சை மிதித்தபோது என் இடது கால் செருப்பு ரோட்டுக்குப் போய்விட்டது. கதவு வழியாகப் போகவில்லை, ஜீப்பின் தரை வழியாகப் போனது. குனிந்து பார்த்தேன். காலடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தார்ச்சாலை தெரிந்தது. அதில் என் செருப்பு மல்லாந்து கிடந்தது. இறங்கி எடுப்பதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அதன்மேல் ஏறிப் போனதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே திருவொற்றியூருக்கு வண்டியை ஓட்டினேன்.

வாசலில் நின்ற என் மனைவி முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்கய்யா?"

"டோல்கேட்ல."

"கோயில்ல செருப்ப வுட்டவனப் பாத்துகீறேன். கிளட்சுல வுட்டவன இப்பதான் பாக்கறேன்."

அந்த ஜீப்பை வாங்கி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கேட்டுக்கும் குடோனுக்கும் நடுவே ஆயுள் முழுக்க ஓடிக் களைத்த டீசல் ஜீப் அது. காயலாங்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததை நான்தான் வழிமறித்து வாங்கினேன். பேப்பர்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஜீப்தான் சரியாக இல்லை. எங்கள் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே வருஷத்துக்கு ஒரு சுற்று இளைக்கவைக்கும். இத்தனை காலம் இந்தக் காற்றில் நின்ற ஜீப்பில் இரும்பு எது, துரு எது என்று அதற்கே தெரியாது.

எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். நான் தூக்கிக் கப்பலில் வைத்த பெட்டிகள் உலகத்தைச் சுற்றி வந்தன. நான் திருப்பதியைத் தாண்டியதில்லை. கிரேனில் உட்கார்ந்து கீழே பார்த்தே பழகியதால் ஜீப் ஓட்டும்போதும் தலையை வெளியே நீட்டி முன்சக்கரத்தைத்தான் பார்ப்பேன். எதிரில் வருகிறவர்கள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிடுவார்கள்.

ஆனாலும் ஜீப்பை வாங்கியது என் ஆசைக்காக இல்லை. என் மனைவி காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கை ஐஸில்தான் இருந்தது. பாளமாக வரும் பார் ஐஸை உடைத்து, பெட்டியில் கொட்டி, மீனை அடுக்கி, மறுபடி ஐஸைக் கொட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கன்னத்தில் அவள் கையை வைத்தால் எனக்கு முதுகுவரை சிலிர்க்கும். இந்த வருஷம் முழங்கால் தகராறு செய்ததால் வியாபாரத்தை விட்டாள். விட்ட அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஐஸு தன்னால வானத்துலர்ந்து வுயுமாமே. யாரும் உடைக்கத் தேவல, யாரும் தூக்கத் தேவல. அத ஒரு தபா நின்னு பாக்கணும்யா."

இமாசலத்தில் ஸ்பிட்டி என்று பனி பெய்யும் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதை நான் கைபேசியில் கண்டுபிடித்தேன். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் மலையும் கல்லும் தவிர ஒன்றும் கிடையாது. பாதி இடத்தில் ரோடும் கிடையாது, ஓடைகள் ரோட்டின் குறுக்கே ஓடுகின்றன. எனக்கு அப்போதே மெக்கானிக் கிடைக்காத ஊர் என்று உறைத்திருக்க வேண்டும். படத்தில் ஒரு பழைய ஜீப் நின்றது. எனக்கு ஜீப் மட்டும்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் என் மனைவியின் அக்கா போன் செய்தாள். அக்காவும் அவள் கணவரும், அதாவது என் சகலை, சுற்றுலா பஸ்ஸில் வடக்கே போகிறார்களாம். இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது, மாதக் கடைசிக்குள் பெயர் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம். என் சகலை நல்ல மனிதர். ஆனால் சாப்பிட்ட இட்லி முதல் கட்டிய வீடுவரை அவர் வாங்கிய ஒவ்வொன்றும் எப்படி மற்றவர்கள் வாங்கியதைவிட மேல் என்று விளக்குவார். அவரோடு ஒரு பஸ்ஸில் இமயமலைவரை போவதற்கு நான் நடந்தே போய்விடுவேன்.

அக்காவின் பஸ் என் மனைவிக்கும் பிடிக்கவில்லை. "டிரைவரு நிறுத்தற எடத்துல நின்னு, அவன் ஊதனா ஏறி குந்தணும். நா பாக்கணும்னு நெனைக்கறப்ப வண்டி நிக்கணும்யா" என்றாள். ஆனால் என்னை நம்பி மலை ஏறுகிற அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. செருப்பு போன அன்று நிபந்தனை போட்டாள்.

"சாமான் செட்டெல்லாம் ஏத்திகினு பழவேற்காடு வரிக்கும் போய்த் திரும்பி வரணும். போவ சொல்லயும் சரி, வர சொல்லயும் சரி, ஒரு ஆளு வண்டி மேல கை வெச்சித் தள்ளக்கூடாது. தள்ளனா அக்காகிட்ட பேரு குட்த்துருவேன். ஜீப்பு காயலாங்கடைக்கு."

"ஒரே ஒரு தள்ளுகூட..."

"மலையில நின்னுபோச்சின்னா எவன்யா வந்து தள்ளுவான்? உங்க சகலையா?"

வண்டியை இரண்டு பேரிடம் ஒப்படைத்தேன். என் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாவற்றையும் போல இதையும் யோசிக்காமல்தான் எடுத்தேன். இன்ஜினுக்கு ராயபுரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய். அவரும் நானும் பழைய தோஸ்து. ஓட்டை உடைசலுக்கு நெட்டுக்குப்பத்தில் இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி. அவன் ஃபைபர் படகு கட்டுகிறவன், உடைந்த படகுகளை ஒட்டுகிறவன்.

"போட்டு வேல பாக்கறவன் கைல வண்டியக் குடுக்காத நைனா" என்றார் பாய்.

"இன்ஜின பாய் பாக்கட்டும் மாமா. ஓட்டன்னு வந்துட்டா அது நம்ம டிபார்ட்மென்டு" என்றான் மச்சான்.

பாய் இன்ஜினைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகமாகத் திட்டிக்கொண்டே மாற்றினார். ஓடைகள் குறுக்கே ஓடும் என்று கேள்விப்பட்டதும் சைலன்சரை டிராக்டரில் இருப்பதுபோல மேலே திருப்பிவிட்டார். இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் பைப்பை வைத்துக் கண்ணாடி உயரத்துக்கு ஏற்றினார். ஜீப் பார்ப்பதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரைப்போல ஆகிவிட்டது. ஆனால் செல்ஃப் எடுத்ததும் இன்ஜின் பிடித்த பிடியில் பக்கத்துக் கடையின் ஷட்டர் அதிர்ந்தது. பாய் தாடியைத் தடவிக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அது கச்சேரி வைத்தமாதிரி.

அடுத்து நெட்டுக்குப்பம். மச்சான் கிரைண்டரைப் போட்டுத் துருவை எடுக்க ஆரம்பித்தான். துருவை எடுக்க எடுக்க ஜீப்பும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தரை என்று மிஞ்சியது ஒரு சல்லடை. அதன்மேல் ஃபைபர் இழைத் துணியை விரித்து ரெசின் பசை ஊற்றி, அது இறுகியதும் இன்னொரு துணியை விரித்து, படகுக்கு எத்தனை அடுக்கு போடுவானோ அத்தனையும் போட்டான். மேலே படகுக்கு அடிக்கும் நீல பெயின்ட். விரலால் தடவித் தடவி ஊசி நுழையும் ஓட்டையைக்கூட விடவில்லை. நாலு மூலையிலும் வட்டமாக நாலு ஓட்டைகள் இருந்தன. அவற்றைத் தனி அக்கறையோடு அடைத்தான்.

"கம்பெனிக்காரனே ஓட்டைய வுட்டுட்டுப் போய்கீறான் பாரு மாமா. இன்னா வேல பாக்கறானுங்க."

நானும் தலையில் அடித்துக்கொண்டேன்.

புதுப் படகு முடிந்ததும் உள்ளே தண்ணீரை நிரப்பி, அடியில் கசிகிறதா என்று பார்ப்பார்கள். ஜீப்புக்கும் அதையே செய்தோம். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். குப்பத்து ஆட்கள் வலை பின்னுவதை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை. நான் கை தட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினோம். அப்படி மொள்ளும்போதுகூட எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. படகில் தண்ணீரை மொண்டுதானே ஊற்றுவார்கள்.

உறைத்தது ஒரு மழைக்குப் பிறகு. காலையில் ஜீப்பில் ஏறக் காலை வைத்தேன், கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியது. தார்ப்பாயில் ஒழுகியதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. நான் புதிதாக வாங்கிய செருப்புகள் ஜோடியாக மிதந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"மீனு இன்னும் வுடலயா அண்ணாத்தே?"

அப்படியே ராயபுரத்துக்கு ஓட்டினேன். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் வந்து என் முழங்காலை நனைக்கும். கிளம்பினால் பின்னால் போய் மோதும். பாய் சத்தத்தைக் கேட்டே எழுந்து வந்தார்.

"நாலு மூலைல ஓட்ட இருக்குமே நைனா?"

"அடைச்சாச்சு பாய்."

"நாலுமா?"

"நாலும்."

"தண்ணி எப்டி வெளிய போவும்?"

"உள்ளயே வராது பாய். மச்சான் கேரண்டி."

பாய் ஜீப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வந்துகீதே" என்றார்.

மச்சானை வரவழைத்தேன். இரண்டு பேரும் தெருவே கேட்கும்படி தரைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசினார்கள். கடைசியில் படகில் இருப்பதுபோல அடியில் ஒரே ஒரு துளை, அதற்கு முறுக்கி மூடும் ஓர் அடைப்பான் என்று ஒப்பந்தம் ஆனது. அதைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும் என்றார் பாய். மூடி வைத்துத்தான் ஓட்ட வேண்டும், நின்ற பிறகு திறந்தால் போதும் என்றான் மச்சான். நான் இருவருக்கும் தனித்தனியே சரி என்றேன்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. அக்கா தினமும் போன் செய்தாள். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம்.

ஸ்பிட்டிக்குப் போவது நானும் அவளும்தான். ஆனால் பழவேற்காட்டுக்கு நாலு பேர் போனோம். இன்ஜின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று பாய் முன்சீட்டில் ஏறினார். பாய் என்னிடம் தன்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க மச்சானும் முன்சீட்டிலேயே நெருக்கிக்கொண்டான். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைக்கு வலிக்கக் கூடாதென்று அரிசி மூட்டை, தண்ணீர் கேன்கள், அடுப்பு, இரண்டு டயர், கம்பளி எல்லாவற்றையும் முன்சீட்டின் முதுகோடு ஒட்டி அடுக்கியிருந்தார் பாய். மிச்ச இடத்தில் என் மனைவி முதலாளியைப்போலத் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி. ஜீப் ஒரு இருமல்கூட இருமவில்லை. பாய் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பாட்டுப் பாடத் தொடங்கினேன், பின்னாலிருந்து என் மனைவி நிறுத்தச் சொன்னாள்.

பொன்னேரிக்கு அப்பால் ரோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியது. இரண்டு பக்கமும் வயல். பெய்த மழையெல்லாம் ரோட்டின் மேல் குளமாகத் தேங்கி நின்றது. ஓட்டமில்லாத தண்ணீர். எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் அலுங்காமல் கடந்து போனது. கரையில் மூன்று ஊர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நின்றுபோகும் வண்டிகளைத் தள்ளிக்கொடுக்கத் தயாராக நின்றார்கள். நல்ல மனசுக்காரர்கள். அன்றைக்கு என் முதல் எதிரிகள் அவர்கள்தான்.

"ஃபர்ஸ்ட் கியர்ல, நிறுத்தாம போ" என்றார் பாய்.

போனேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை வந்தது, அதற்கும் மேலே வந்தது. காற்றுக்குழாயும் சைலன்சரும் மேலே இருந்ததால் இன்ஜின் கம்பீரமாக முழங்கியது. ஆனால் நடுவில் போனதும் ஜீப் முன்னால் போவதை நிறுத்திவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்சக்கரங்கள் தண்ணீரை அடித்தன. ஜீப்பின் வால் மெதுவாகத் தூக்கிக்கொண்டு இடதுபக்கம் திரும்ப ஆரம்பித்தது. கிரேனில் தொங்கும் பெட்டி காற்றில் திரும்புமே, அதே மாதிரி. அடியில் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

"பாத்தியா பாய், ஒரு சொட்டு உள்ள வர்ல" என்றான் மச்சான். தரையை உள்ளங்கையால் தடவிக் காட்டினான்.

"அதான்டா பேஜாரு. மெதக்குது."

"மெதக்குதுன்னா வேல சுத்தம்னு அர்த்தம்."

"அடைப்பானத் தொறந்து வுடுறா. தண்ணி உள்ள வந்தா கீய குந்தும்."

"அரிசி கீய கீது, கம்பளி கீது. எவனாவது தொறந்தீங்க, கைய ஒடிப்பேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அதற்குள் கரையில் இருந்த மூன்று பேரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். "பெரியவரே, பயப்படாதீங்க, தள்ளி வுடறோம்" என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார்கள். நான் தலையை வெளியே நீட்டி, "வாணாம், தொடாதீங்க" என்றேன். பாயும் மச்சானும் அந்த மாதத்தில் முதல்முறையாக ஒற்றுமையாக, "கை வெக்காதீங்கப்பா" என்றார்கள்.

"வண்டி வயலுக்குப் போவுதுங்க."

"போவட்டும்."

முன்னால் வந்தவர் தயங்கி என் மனைவியைப் பார்த்தார். அவளாவது புத்தியோடு பேசுவாள் என்று நினைத்திருப்பார்.

"நீ தொட்டன்னா நா எங்க அக்காகூட பஸ்ல போவணும் தம்பி. செத்த தள்ளி நில்லு" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். அவள் நிபந்தனையை அவளே காப்பாற்றுகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை என்னைவிட அவளுக்குத்தான் அதிகம்.

அவள் சாமான்களையும் எங்கள் மூன்று பேரின் பின்மண்டைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். படகு தள்ளும் வீட்டில் பிறந்தவள்.

"ஏன்யா, இன்ஜினும் முன்னால, மூட்டையும் முன்னால, மூணு தடியனுங்களும் முன்னால. போட்டுல இப்டிதான் குந்துவீங்களா? வாலு தூக்காம இன்னா பண்ணும்? டேய் தம்பி, இங்க வா. பாய், நீங்களும் வாங்க. வர சொல்ல ஆளுக்கு ஒரு டயரு எடுத்துகினு வாங்க."

பாய் சீட்டின் மேல் ஏறிப் பின்னால் குதித்தார். அவர் லுங்கி கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது, மச்சான் எடுத்துவிட்டான். டயர்கள் போயின, கேன்கள் போயின, அரிசி மூட்டையை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். கடைசியில் பாய், மச்சான், அரிசி, என் மனைவி எல்லாரும் ஜீப்பின் கடைசி ஓரத்தில் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் எனக்கு மீன் கூடைபோலத் தெரிந்தது. வால் மெல்லத் தாழ்ந்தது. அடியில் ரப்பர் தாரைத் தொடும் மெத்தென்ற ஓர் இடி.

"இப்ப போய்யா. மெதுவா."

சக்கரம் பிடித்தது. ஒரு முறை வழுக்கி, மறுபடி பிடித்தது. ஜீப் மூக்கை நேராக்கிக்கொண்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் விலக்கிக்கொண்டு, மேட்டில் ஏறி வெயிலில் போய் நின்றது. ஒரு கைகூடப் படவில்லை. பின்னால் நடந்து வந்த ஊர்க்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது போட்டாண்ணே, வண்டியா?"

"வண்டி" என்றார் பாய். "போட்டு" என்றான் மச்சான்.

நான் இறங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியிடம் போனேன். பாராட்டு வரும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

"பாதிதான் ஆச்சி. திரும்பி வரணும்" என்றாள்.

பழவேற்காட்டில் இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டோம். பாயும் மச்சானும் ஒருவர் இலையில் ஒருவர் தொக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, இந்த ஜீப்பை யார் காப்பாற்றியது என்று பேசினார்கள். என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வண்டி ஓட்டியது நான் என்று நினைவூட்டினேன். "ஆமா, அதயும் மீறித்தான் தப்பிச்சிது" என்றார் பாய்.

திரும்பும்போது அந்தப் பள்ளத்தில் தண்ணீர் அப்படியே நின்றது. சொல்லாமலே மூட்டைகள் பின்னால் இருந்தன, சொல்லாமலே இரண்டு பேரும் வாலில் போய் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டதும் கையைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தொடமாட்டோம் என்று காட்டுகிறார்களாம். இந்த முறை என் மனைவி முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜீப் தண்ணீரில் இறங்கி, நடுப்பள்ளத்தில் தரையைக் கவ்விக்கொண்டு போய்க்கொண்டிருந்தபோது அவள் கைபேசியை எடுத்தாள்.

"யக்கா, நாந்தான். சத்தமா? தண்ணிக்கு நடுவுல கீறேன். இல்ல இல்ல, வண்டில. ஆமா, அந்த ஜீப்புதான். யாரும் தள்ளல. எங்க பேரு போடாத, நாங்க தனியா போறோம். உங்க வூட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடு. இரு, அவரே வாராரா, குடு."

எதிர்மேடு நெருங்கியது. நான் கியரை மாற்றி வேகமாக ஏறிவிடப் பார்த்தேன். அவள் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் தொடையில் தட்டினாள்.

"மெதுவா போய்யா. அதுக்குள்ள கரை வந்துறப் போவுது."